ஓய்வு பெற்ற ஆம்புலன்ஸ், நான்கு சக்கர இழுவை, நாலு பேர் தூக்கம்



ஆட்டோமொபைல் பிரிவு இறுதியாண்டு என்றாலே ப்ராஜெக்ட் என்ன என்ற கேள்வி வந்துவிடும். எங்கள் குழுவுக்கு அது தானாகவே தேடி வந்தது. நண்பன் ஒருவனின் மாமா, ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். பாலக்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் தனியார் மருத்துவமனை விற்ற பழைய வேன் ஆம்புலன்ஸ் நின்றது. அதை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து, முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து, மனைவி மக்களோடு லடாக் வரை போக வேண்டும் என்பது அவர் ஆசை. "நீங்கதான் படிக்கிற பசங்க, கணக்குப் போட்டுச் சொல்லுங்கடா. நீங்க சரின்னா அட்வான்ஸ் கொடுத்துடறேன்" என்றார். அவர் கையில் இருந்தது கடையை வைத்து வாங்க இருந்த கடன் பணம். ஆகவே மார்க்குக்காக மட்டும் செய்கிற ப்ராஜெக்டாக இது இருக்க முடியவில்லை. நாங்கள் அளந்ததையும், படித்ததையும், கடைசியில் அவரிடம் சொன்னதையும் இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. ஆம்புலன்ஸ் ஏன் நல்ல அடித்தளம்?

இதில் மாமாவின் கணிப்பு தப்பில்லை. மேலைநாடுகளில் இது பழைய வழக்கம். பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த லேண்ட்ரோவர் டிஃபெண்டர் 130 ஆம்புலன்ஸ்கள் ஓய்வு பெற்றதும் பலர் வாங்கி வீட்டு வண்டியாக்கினார்கள். அவை பிறவியிலேயே நான்கு சக்கர இழுவை கொண்டவை என்பதை மட்டும் இப்போதே மனதில் குறித்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் லாரி சேசிஸ் மேல் அலுமினியப் பெட்டி வைத்த ஆம்புலன்ஸ்களையும் இப்படியே மாற்றுகிறார்கள்.

காரணம் எளிது. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவரும் கூரையும் உள்பக்கம் மூடப்பட்டு, தரை கழுவித் துடைக்கும்படி இருக்கும். அலமாரி, கைப்பிடி, விளக்கு, கூடுதல் பாட்டரி, இன்வெர்ட்டர் இவற்றில் பலவும் ஏற்கெனவே பொருத்தியிருக்கும். நம் நாட்டில் ஆம்புலன்ஸ் கட்டுமானத்துக்கென்றே ஏஐஎஸ் 125 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. அது வண்டிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கிறது. டி வகைதான் உயிர்காப்புக் கருவிகள் அதிகம் உள்ளது.

உள்ளே கை வைக்குமுன் இரண்டு வேலை. ஒன்று, 1 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலால் தரையையும் சுவரையும் நனைத்து, பத்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். உலோகத்தை அரிக்கும் என்பதால் பிறகு நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இரண்டு, ஆக்சிஜன் குழாயை முழுவதும் கழற்றிவிட வேண்டும். "குழாய் ரெடியாத்தானே இருக்கு, கேஸ் அடுப்புக்கு இழுத்துக்கலாமே" என்று பட்டறையில் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய், கிரீஸ் பட்டாலே தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எரிவாயுவுக்கு அதற்கென்று உள்ள ரெகுலேட்டரும் ஹோஸும்தான்.

2. எடை மேடை சொன்ன செய்தி

ஸ்ட்ரெச்சர், சிலிண்டர் எல்லாம் இறக்கியபின் வண்டியை எடை மேடையில் ஏற்றினோம். 2,180 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடை 3,300 கிலோ. "ஆயிரத்துக்கு மேலே இடம் இருக்கே!" என்று மாமா மகிழ்ந்தார். நாங்கள் பட்டியல் போட்டோம்:

முன் அச்சு, டிரான்ஸ்ஃபர் கேஸ், கூடுதல் ஷாஃப்ட் - 190 கிலோ
கட்டில், அலமாரி - 180
தண்ணீர் 100 லிட்டர் - 100
பாட்டரி - 45
அடுப்பு, சிறிய சிலிண்டர் - 15
குளிர்பெட்டி - 25
கூரைக் கேரியர், கூடுதல் டயர் - 60
ஆட்கள் 4 பேர் - 280
துணிமணி, பாத்திரம் - 80

மொத்தம் 975 கிலோ. ஆக வண்டி 3,155 கிலோ. மிச்சம் 145 கிலோதான். இன்னும் இரண்டு பேர் ஏறினால் முடிந்தது.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்த அச்சில் எவ்வளவு என்பதும் முக்கியம். முதலாண்டு மெக்கானிக்ஸில் படித்த திருப்புத்திறன் இங்கேதான் உதவுகிறது. சக்கர இடைத்தூரம் 3,000 மி.மீ. 100 கிலோ தண்ணீர்த் தொட்டியைப் பின் அச்சுக்குப் பின்னால் 600 மி.மீ. தள்ளி வைத்தால், பின் அச்சில் ஏறுவது 100 × 3600 / 3000 = 120 கிலோ. முன் அச்சில் 20 கிலோ குறையும். அதாவது ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும். அதே தொட்டியைப் பின் அச்சுக்கு 1,000 மி.மீ. முன்னால், தரைக்கு அடியில் வைத்தால் பின்னால் 67, முன்னால் 33. அதே தொட்டி, அதே தண்ணீர். இடம் மட்டும்தான் வேறு.

3. நான்கு சக்கர இழுவை: சேர்ப்பதா, வாங்குவதா?

பகுதிநேர நான்கு சக்கர இழுவையில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உட்கார்ந்து, ஒரு ஷாஃப்டைப் பின்னாலும் ஒன்றை முன்னாலும் அனுப்புகிறது. எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது நாலு சிக்கல்.

முதலாவது, இரண்டு அச்சின் கிரவுன் பினியன் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய ஜீப்பின் முன் அச்சு 4.56, வேனின் பின் அச்சு 4.88 என்று வைத்துக் கொள்வோம். இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் முன் சக்கரம் 7 சதவீதம் அதிகம் சுழலும். ஒரு கிலோ மீட்டருக்கு 70 மீட்டர் வித்தியாசம். மணலில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி, ஏதாவது ஒன்று உடையும். டயர் தேய்மானமும் இதே கதைதான். 350 மி.மீ. ஆரத்தில் 10 மி.மீ. குறைந்தாலே கிட்டத்தட்ட 3 சதவீதம்.

இரண்டாவது, வேனின் முன்பகுதியில் நேர் அச்சுக்கு இடம் கிடையாது. அதைப் பொருத்த வண்டியை உயர்த்த வேண்டும், எஞ்சின் எண்ணெய்த் தொட்டியை மாற்ற வேண்டும், ஸ்டியரிங் இணைப்பைப் புதிதாக அமைக்க வேண்டும். பட்டறை மேஸ்திரி அண்ணன் முப்பது வருட அனுபவக்காரர். "தம்பி, மாட்டிடலாம். ஆனா ஸ்டியரிங்ல வெல்டிங் வைக்கச் சொன்னா நான் கையெடுத்துக் கும்பிட்டுடுவேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஒரு செமஸ்டர் பாடம்.

மூன்றாவது, ஷாஃப்டின் கோணம். உயர்த்தினால் யூனிவர்சல் ஜாயிண்டின் கோணம் கூடும். இரு முனைக் கோணமும் சமமாக, யோக்குகள் ஒரே நிலையில் இல்லையென்றால் அதிர்வு வரும். சிலுவை பேரிங் சீக்கிரம் போகும்.

நான்காவது, புவியீர்ப்பு மையம். 3,000 கிலோ வண்டியில் அது 0.95 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். 2.6 மீட்டர் உயரக் கூரையில் 100 கிலோ ஏற்றினால் 1.00 மீட்டர் ஆகிறது. வண்டியை 120 மி.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 1.12. சக்கர அகலம் 1.6 மீட்டர். அகலத்தை உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைப்பது கவிழா நிலை எண். முதலில் 0.84, பிறகு 0.71. அதாவது 15 சதவீதம் போச்சு. 20 மீட்டர் ஆர வளைவில் கவிழும் வேகம் கணக்குப்படி 46 கி.மீ.யிலிருந்து 43 ஆகிறது. ஸ்பிரிங்கும் டயரும் சாய்வதைச் சேர்த்தால் நிஜத்தில் இரண்டுமே இன்னும் குறைவு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருப்பது நமக்குத் தெரியும்.

அப்படின்னா நான்கு சக்கர இழுவை வேண்டவே வேண்டாமா? உண்மையிலேயே மணல், சேறு, பாதையில்லாத காடு என்றால் வேண்டும். அதற்கு ஆலையிலேயே அப்படிக் கட்டிய வண்டியைத் தேட வேண்டும். பொலேரோ கேம்பர், கூர்க்கா போன்றவற்றில் நான்கு சக்கர இழுவை ஆலையிலிருந்தே வந்திருக்கிறது. பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் தார் ரோடு. லடாக் நெடுஞ்சாலையிலும் பருவம் பார்த்துப் போனால் சாதாரண வண்டிகளே போய் வருகின்றன.

4. சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, விதி மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2021 ஆகஸ்டில் கண்ணூரில் வீட்டு வண்டியாக மாற்றப்பட்ட ஒரு டெம்போ டிராவலரைக் கேரள மோட்டார் வாகனத்துறை கைப்பற்றியது பெரிய செய்தியானது.

ஆனால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. கேம்பர் வேன் என்பது சட்டத்தில் தனி வகை. மோட்டார் காரவனுக்கு ஏஐஎஸ் 124 என்ற தரமும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கட்டுநர் மூலம், ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே பெற்று, ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் பதிவு செய்வதே முறை. சைரனையும் சுழல் விளக்கையும் ஆம்புலன்ஸ் என்ற எழுத்தையும் அகற்றிவிட வேண்டும். அந்த ஒலிக்கு ரோட்டில் கிடைக்கும் மரியாதை உள்ளே கிடக்கும் நோயாளிக்கானது.

இன்னொன்று. தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அந்தக் காலத்து அரசு வண்டி ஏதாவது மலிவாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

5. தூங்குகிறவர்களின் மூச்சு

இந்தப் பகுதியை மட்டுமாவது தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த காரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதித்ததில், ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த துவாரம் வழியாக உள்ளே புகுந்தது தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக் கொள்ளும். தூங்குகிறவர் விழிப்பதற்கே வழியில்லை.

ஆகவே: வண்டிக்குள்ளோ அடியிலோ ஜெனரேட்டர் வேண்டாம். தரையில் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் ரப்பர் வளையம் வைத்து அடைக்க வேண்டும். தலைமாட்டில் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டி உட்புறம் காற்றுப் புகாததாகவும், அடியில் வெளிநோக்கித் துவாரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

ஜெனரேட்டர் இல்லாமல் முடியுமா? முடியும். 12 வோல்ட்டில் மின்விசிறி 2 ஆம்பியர் × 8 மணி = 16; விளக்கு 1 × 4 = 4; குளிர்பெட்டி சராசரி 2 × 24 = 48. ஒரு நாளைக்கு 68 ஆம்பியர் மணி. ஈய அமில பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 136 வேண்டும். 150 போட்டால் சரி. பாட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும்.

6. எங்கள் அறிக்கை

மாமாவிடம் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தோம். முன் அச்சு வேண்டாம், கூரையில் சுமை வேண்டாம், ஆர்.டி.ஓ. அனுமதி கைக்கு வருமுன் அட்வான்ஸ் வேண்டாம். முன் அச்சை விட்டால் 190 கிலோவும், கூரைக் கேரியரையும் டயரையும் விட்டால் 60 கிலோவும் மிச்சமாகி, கையிருப்பு 145-லிருந்து 395 கிலோவாக உயர்கிறது என்றும் காட்டினோம். அவருக்கு முகம் வாடியது உண்மை. இரண்டு நாள் கழித்து, "சரிடா, இரண்டு சக்கர இழுவையே போதும், பேப்பர் வேலையை முதல்ல பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினார். கடன் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

நண்பர்களே, நாளை நம்மில் பலர் பட்டறையிலோ, சர்வீஸ் நிலையத்திலோ, சொந்தத் தொழிலிலோ நிற்போம். "மாட்ட முடியுமா?" என்றுதான் வாடிக்கையாளர் கேட்பார். முடியுமா என்பதற்கு ஸ்பேனர் பதில் சொல்லும். மாட்டலாமா என்பதற்கு எடை மேடைச் சீட்டும், சட்டப் புத்தகமும், நான்கு வரிக் கணக்கும்தான் பதில் சொல்லும். அந்தப் பதிலைத் தயங்காமல் சொல்லத்தான் நம் கையில் டிப்ளமோ தருகிறார்கள்.