காப்பியின்மேல் நுரைச் சித்திரம்: பாலைத் தெரிந்தெடுத்தலும் பக்குவம் செய்தலும்

காப்பியின்மேல் பால் நுரையினால் இலை, பூ முதலிய உருவங்களை அமைக்கும் வழக்கம் காப்பிக் கடைகளிலிருந்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சார்ந்த குடும்பங்களிலும் இதில் விருப்பமுடையோர் உளர். நுரை நில்லாவிடில் கருவியைக் குறை கூறுவதே பலருடைய இயல்பு. ஆனால் பெரும்பாலும் குற்றம் பாலையும் அதைக் கையாண்ட விதத்தையுமே சார்ந்தது. எனவே இவ்விஷயம் வாங்குவோருக்கு மட்டுமன்றி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை முதலிய தாலுகாக்களில் கறவை மாடு வைத்திருக்கும் குடியானவர்களுக்கும் உரியதாகும்.

நுரை நிற்பதன் காரணம்

பாலிலுள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல்போல் படிந்து அவற்றைத் தாங்குகிறது. கொழுப்பு நுரைக்கு மென்மையும் ருசியும் தரும். மிகுந்தால் நுரையின் உயரம் குறையும். பாலின் கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்துவிட்டால், அவை குமிழிகளை உடைத்துவிடும். அத்தகைய பாலை எவ்வளவு கடைந்தாலும் நுரை தங்காது.

எந்தப் பால் ஏற்றது

உறைப்பாலில் சமன்படுத்திய பால் குறைந்தது 3 சதவீதமும், நிலைப்படுத்திய பால் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பால் 6 சதவீதமும் கொழுப்புடையவை. புதிதாய்ப் பழகுவோர் முதலிரண்டில் ஒன்றைக் கொள்ளலாம். எருமைப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட அதிகம். அதைக் காய்ச்சிக் குளிரவைத்து, மேலே படிந்த ஆடையை எடுத்துவிட்டு உபயோகித்தல் நலம்.

பாலைச் சோதித்தல்

பால்மானியில் பசும்பால் சாதாரணமாக 28 முதல் 30 வரை காட்டும். தண்ணீர் சேர்த்தால் இவ்வளவு குறையும். கொழுப்பை எடுத்தாலோ ஏறும். ஆதலால் கொழுப்பை எடுத்துத் தண்ணீரும் சேர்த்த பாலைப் பால்மானி மட்டும் காட்டிக் கொடுக்காது.

நுரை மிகுதியாய் வருவதும் எப்பொழுதும் நற்குறி அன்று. சலவைத்தூள் கலந்த பாலும் நன்றாய் நுரைக்கும். 5 முதல் 10 மில்லி பாலுடன் அதே அளவு தண்ணீர் சேர்த்து ஒரு சீசாவில் நன்றாய்க் குலுக்கவேண்டும். சுத்தமான பாலில் மெல்லிய நுரைப்படலமே தோன்றும். சோப்பு நுரைபோல் அடர்ந்து நின்றால் அப்பால் சந்தேகத்திற்குரியது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது.

குடியானவர் கவனிக்கவேண்டியவை

கறந்த பால் வெதுவெதுப்பாக இருக்கையில் பலமாகக் குலுங்கினால் கொழுப்புத் துளிகளின் மேலுறை கிழிந்து, மேற்கூறிய சிதைவு தொடங்கும். பாதி நிரம்பிய கேனை மோட்டார் சைக்கிளில் கட்டி மேடுபள்ளமான பாதையில் கொண்டுசெல்வதால் இத்தீங்கு நேரும். கேனை வாய்வரை நிரப்பி, கறந்தவுடன் தாமதமின்றிச் சங்கத்தில் சேர்ப்பிக்கவேண்டும். பாத்திரங்களைக் கொதிநீரால் அலசி வெயிலில் கவிழ்த்து உலர்த்துவது அவசியம். சித்திரை, வைகாசி வெயிலில் பால் சீக்கிரம் புளிக்கும். புளிப்பேறத் தொடங்கிய பால் காப்பியின் அமிலமும் சூடும் பட்டவுடன் திரிந்துவிடும்.

பக்குவம் செய்யும் முறை

கறந்த பாலைப் பச்சையாய் உபயோகிக்கலாகாது. காசநோய் முதலியவற்றின் கிருமிகள் அதில் இருக்கக்கூடும். ஒருமுறை பொங்கக் காய்ச்சி, பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி விரைவில் ஆறவைத்து, ஆடை நீக்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும். பாஸ்டரைஸ் செய்து குளிர்ச்சி கெடாமல் வந்த உறைப்பாலுக்கு இது தேவையில்லை.

குளிர்ந்த பாலை 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்கவேண்டும். உஷ்ணமானி இல்லாதவர் பாத்திரத்தின் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம்; கணநேரத்திற்குமேல் கை வைத்திருக்க முடியாதபோது இறக்கிவிடவேண்டும். 70 டிகிரிக்கு மேற்பட்டால் ஆடை படிந்து, வெந்த வாசனை எழும்.

தவராவில் உயரத்தூக்கி ஆற்றினால் பெருங்குமிழிகளே உண்டாகும். குடிப்பதற்கு நன்று, சித்திரத்திற்கு உதவாது. இதற்குச் சல்லடைத் தட்டு பொருந்திய அழுத்துப் பாத்திரம் போதும். பாலை அதில் பாதிக்குக் குறைவாய் ஊற்றி, தட்டை 15 அல்லது 20 முறை மேலும் கீழும் இயக்கவேண்டும். பிறகு மூக்குள்ள சிறு பாத்திரத்திற்கு மாற்றி, மேசைமேல் மெதுவாய்த் தட்டிச் சுழற்றினால், பெருங்குமிழிகள் உடைந்து பால் வழவழப்பாய்ப் பளபளக்கும். பாத்திரங்களில் எண்ணெய்ப் பசையோ சோப்போ தங்கியிருத்தல் ஆகாது.

ஊற்றும் முறை

வாயகன்ற கோப்பையில் கால் பங்கு கெட்டியான டிகாக்‌ஷன் எடுத்து, அதைச் சற்றே சாய்த்துப் பிடிக்கவேண்டும். முதலில் மூன்று நான்கு அங்குல உயரத்திலிருந்து பாலை மெல்லிய தாரையாய் ஊற்றினால் அது அடியிற் கலக்கும். கோப்பை பாதிக்குமேல் நிரம்பியதும் பாத்திரத்தின் மூக்கைக் காப்பியின் அருகே தாழ்த்தினால் வெண்ணுரை மேலே வட்டமாய்ப் பரவும். கடைசியில் சிறிது உயர்த்தி, தாரையை வட்டத்தின் நடுவே குறுக்காய் இழுத்து முடித்தால் வெற்றிலை போன்ற உருவம் அமையும்.

தொழுவத்தில் சுத்தமாய்க் கறந்து, குலுங்காமல் கொண்டுவந்து, குளிர்ச்சியாய் வைத்த பாலே கோப்பையில் இவ்வுருவத்தைத் தாங்கும். அத்தகைய பாலைத் தரும் குடியானவரை வாங்குவோர் விடமாட்டார்கள்.