பள்ளிக்கரணை: ஒரு சாண் தண்ணீரின் கணக்கு



துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் ரேடியல் ரோட்டில் பஸ்ஸில் போயிருக்கீங்களா? ஓரிடத்தில் கட்டடங்கள் விலகி, இரண்டு பக்கமும் தண்ணீரும் கோரைப்புல்லும் தெரியும். கூடவே குப்பைமேட்டு நாற்றமும் வரும். நம்மில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கிட்டு மொபைலைப் பார்ப்போம். அதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அதை ஒரு பாடமாகவே இந்த முறை படிப்போம். சர்வேயிங் கொஞ்சம், கணக்கு கொஞ்சம், மீதி எல்லாம் பறவைகள்.

அது என்ன இடம்?

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும், 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீரும் இங்கேதான் வந்து சேரும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும்.

இதன் பழைய பெயர் கழிவெளி. பெயரைத் தப்பாகப் புரிஞ்சுகிட்ட மாதிரி, ஊர்க் கழிவை எல்லாம் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினோம். 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பில் குப்பைமேடு, சாலை, பறக்கும் ரயில் நிலையம், அரசு நிறுவனங்கள், ஐ.டி. வளாகங்கள் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247.54 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது.

காண்டூர் மேப்பில் காணாமல் போகும் நிலம்

சர்வே லேபில் காண்டூர் வரைந்தது ஞாபகம் இருக்கா? இடைவெளியை ஒரு மீட்டர் என்று வைத்து இந்தச் சதுப்பை வரைஞ்சா, பெரும்பகுதி வெறும் வெள்ளைத் தாளாத்தான் இருக்கும். அவ்வளவு தட்டையான நிலம். அதனால்தான் அது நமக்குக் 'காலி இடமாக'த் தெரியுது. ஆனால் பறவைகளின் கணக்கு சென்டிமீட்டரில். அந்த ஒரே மீட்டருக்குள் யார் யார் குடியிருக்காங்க பாருங்க:

1. ஈரச்சேறு, விரற்கடைத் தண்ணீர்: கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். ஆர்க்டிக் துந்திராவில் கூடு கட்டும் பறவை, குளிர்காலத்துக்கு நம்ம ஊருக்கு வருது. சேற்றில் இருக்கும் புழு பூச்சிகள்தான் சாப்பாடு.

2. ஒரு சாண் ஆழம்: நெடுங்கால் உள்ளான். சிவந்த குச்சிக் கால்களோடு நடந்து நடந்து இரை பொறுக்கும்.

3. இன்னும் கொஞ்சம் ஆழம்: ஊசிவால் வாத்து. தலை தண்ணீருக்குள்ளே, வால் வானத்தைப் பார்த்து. கழுத்து எட்டும் ஆழம் வரைதான் அதற்குச் சாப்பாடு கிடைக்கும். பூநாரையும் இப்படித்தான். அலகைத் தலைகீழாக வைத்து, சேற்று நீரை வடிகட்டிச் சாப்பிடும். நீண்ட கால் இருப்பதால் வாத்தைவிட ஆழமான இடத்திலும் நிற்கும்.

4. மிதக்கும் இலைகளின் மேல்: நீளவால் இலைக்கோழி. இது ஆண்டு முழுக்க நம்மோடு இருப்பது. முட்டையை அடைகாப்பது அப்பா!

5. கரையோர நாணலுக்குள்: நீலத் தாழைக்கோழி.

6. திறந்த, ஆழமான நீர்: மீன் பிடிக்கும் கூழைக்கடா.

ஆழப்படுத்தினா நல்லதுதானே?

ஏரி என்றாலே தூர்வாரு, ஆழப்படுத்து, சுற்றிக் கரை போடு, நடைபாதை வை. இதுதான் நமக்குப் பழகின தீர்வு. மேலே உள்ள பட்டியலை வைத்து யோசிங்க. எல்லா இடத்தையும் இரண்டு மீட்டருக்குத் தோண்டினா, கூழைக்கடா பிழைச்சுக்கும். முதல் மூணு வரிசைக்கும் சாப்பாட்டு மேசையே போயிடும்.

இன்னொரு பக்கம், சதுப்பு கோடையில் ஓரளவு வற்றணும். அப்போதான் சேறு வெளியே தெரியும். சாக்கடை நீர் வருஷம் முழுக்க வந்துகிட்டே இருந்தா அந்தச் சுழற்சி கெடும். ஆகாயத்தாமரைக்கு இலவச உரம் கிடைச்சு, திறந்த நீரை மூடிடும். குப்பைமேட்டிலிருந்து கசியும் கறுப்பு நீர் தனிக் கதை. 2022 ஏப்ரல் கடைசியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலை தொடங்கப்பட்டது நல்ல விஷயம்.

இப்போ நம்ம கணக்கு

பறவை பற்றிக் கவலை இல்லாதவர்களுக்காக ஒரு எளிய பெருக்கல். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 1,000 கன மீட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர். 1,247 ஹெக்டேரிலும் நீர்மட்டம் அரை மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொண்டால், சுமார் 620 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 5 லட்சம் லாரிக்கு மேல்!

சதுப்பில் ஒரு மனையை மண் கொட்டி மேடாக்கினால், அங்கே நின்றிருக்க வேண்டிய தண்ணீர் ஆவியாகிப் போகாது. பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு ஓடியது ஏன் என்பதற்கு ஒரு முக்கியமான பதில் இதில் இருக்கு. கொசு உள்ளானுக்கு இடம் விடுவதும் வேளச்சேரியின் தரைத்தள வீட்டுக்கு இடம் விடுவதும் ஒரே வேலைதான்.

நாம என்ன செய்யலாம்?

● நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு நாள் காலையில் போய்ப் பாருங்க. ரேடியல் ரோட்டுப் பக்கமே சுற்றுச்சூழல் பூங்கா இருக்கு. சதுப்புக்குள் இறங்க வேண்டாம். பைனாகுலர் இல்லையா? நண்பனிடம் கடன் வாங்குங்க.

● 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்யுங்க. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரியில் கேம்பஸ் பறவைகள் கணக்கெடுப்பு இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம். 'இங்கே பறவை இருக்கு' என்று சொல்லத் தேதியோடு எண்ணிக்கை வேணும்.

● சிவில் நண்பர்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்களா? உங்க ஊர் ஏரியின் ஆழத்தைப் பருவத்துக்குப் பருவம் அளந்து, எந்தப் பறவை எங்கே நிற்குது என்று ஒரே மேப்பில் போடுங்க.

இன்னும் சில வருஷத்தில் நம்மில் யாரோ ஒருத்தர் மேசைக்கு ஒரு டிராயிங் வரும். 'தாழ்வான காலி நிலம், மண் நிரப்ப வேண்டும்' என்று அதில் எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேளுங்க: மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் எவ்வளவு நிற்கும்? அதில் யார் நிற்பாங்க?