தீபாவளி லீவும் தெருவில் நிற்கும் காரும்

கேள்வி: ஐயா, அனுப்பர்பாளையத்தில் சின்னதாகப் பவர் டேபிள் போட்டு நடத்துகிறேன். தீபாவளிக்குப் போனஸ் கொடுத்துப் பூட்டினால், ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி வர எப்படியும் ஒரு வாரம், பத்து நாளாகும். நாங்களும் ரயிலில் மதுரைப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போகிறோம். காம்பவுண்டுக்குள் பைக் நிறுத்தத்தான் இடம். கார் தெருவில் நிற்கும். பண்டல் ஏற்றும் ஈக்கோ வேன் கம்பெனி வாசலில் நிற்கும். ஜிபிஎஸ் மாட்டிவிட்டால் நிம்மதியாகப் போகலாமா?

— வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: ஜிபிஎஸ் மாட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது போன வண்டி எங்கே போனது என்று காட்டும்; போகவிடாமல் பிடித்து வைக்காது. நான் முதலில் கேட்பது வேறு. காரின் இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது?

பல வீடுகளில் அது வாசற்கதவை ஒட்டிய ஆணியில் தொங்கும், இல்லையென்றால் டிவி ஸ்டாண்டு டிராயரில் கிடக்கும். இப்போதைய கார்களில் இம்மொபிலைசர் இருக்கிறது. சாவிக்குள் உள்ள சிப்பை வண்டி அடையாளம் கண்டுகொண்டால்தான் என்ஜின் ஓடும். அந்தக் காலம் போல இரண்டு வயரை உரசிக் கிளப்பிவிட முடியாது. அதனால் சாவிக்கு மவுசு கூடிவிட்டது. லீவில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நகைக்காக உடைப்பவன் கண்ணில் அந்த ஆணி பட்டால், எடுத்ததை ஏற்றிப்போக வண்டியையும் நாமே கொடுத்த கணக்கு. ஒரு சாவியை நீங்கள் கொண்டுபோங்கள். இன்னொன்றை நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் கொடுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் ஒரு எச்சரிக்கை. சாவி இருக்கும் வீடு பக்கத்திலேயே இருந்தால், அதன் சிக்னலைக் கருவி வைத்துக் காருக்கு நீட்டித் திறக்கிறார்கள். சாவியை இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன உங்கள் ஊரில் டப்பாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லா டப்பாவும் சிக்னலை மறைக்காது. டப்பாவோடு கார் கதவருகே நின்று கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். திறந்துகொண்டால் வேறு டப்பா பாருங்கள்.

சாவியே இல்லாமலும் எடுக்கிறார்கள். 2022-இல் லண்டனில் இயன் தேபர் என்ற வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டா கார் அப்படித்தான் போனது. முன்பக்க ஹெட்லைட் வயர் வழியாகக் காரின் உள்வலைப்பின்னலில் நுழைந்து, கதவைத் திற, என்ஜினைக் கிளப்பு என்று பொய்க் கட்டளை அனுப்பும் கருவி இருக்கிறது என்பது அதன்பின்தான் வெளியே தெரிந்தது. தொழில் தெரிந்தவர் கதியே இது. அதனால் என் ஓட்டு இரும்புக்குத்தான். கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிகிற ஸ்டியரிங் லாக் ஒன்று, கியர் லாக் ஒன்று. எவ்வளவு எலெக்ட்ரானிக் வேலை தெரிந்தவனும் இதை அறுக்க உட்கார்ந்தாக வேண்டும், சத்தம் வரும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. கழற்றினால் அலாரமும் செத்துவிடும், ஜிபிஎஸ்ஸும் உள் பேட்டரி தீர்ந்ததும் படுத்துவிடும்.

கவர் போடலாமா? போடலாம், ஆனால் யாராவது உதறிவிட வேண்டும். சருகு படிந்த கவரும் கோலமில்லாத வாசலும் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும். சொந்தக்காரர் இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து காரை நாலடி முன்னே பின்னே நகர்த்தினால் போதும். வெளியூர் போகும் விவரத்தை அனுப்பர்பாளையம் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவையுங்கள். பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. பாஸ்டாக்கில் உங்கள் இப்போதைய செல் நம்பர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். விஜயமங்கலம், கணியூர் டோலில் வண்டி நுழைந்தால் பணம் பிடித்த மெசேஜ் உங்களுக்கு வரும், திருடன் ஸ்டிக்கரைக் கிழிக்காத வரை.

நீங்கள் கவலைப்படாத ஈக்கோதான் எனக்குக் கவலை. அதில் வண்டியை விட்டுவிட்டு சைலன்சரை மட்டும் கழற்றிப் போகிறார்கள். குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் கும்பல் கும்பலாகப் பிடிபட்டார்கள். உள்ளே புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதே காரணம். வேன் உயரமாக நிற்பதால் ஜாக்கி கூடத் தேவையில்லை. அதை ஷட்டருக்குள் ஏற்றி நிறுத்துங்கள். லீவில் கட்டிங் டேபிளை ஓரம் தள்ளினால் இடம் கிடைக்கும்.

மீறிப் போய்விட்டால் ஊர் திரும்பும்வரை காத்திருக்காதீர்கள். 2024 ஜூலை முதல் அமலில் உள்ள குற்ற நடைமுறைச் சட்டப்படி, மதுரையில் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே சொல்லுங்கள். போலீஸில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள்; ஒன்று எப்போதோ தொலைந்திருந்தால் அங்கேதான் இழுபறி தொடங்கும்.

இன்று இரவே பாலிசியை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியைத் தனியாகச் சேர்க்கலாம். வண்டியைப் பார்த்துப் படம் எடுத்த பிறகே கொடுப்பார்கள் என்பதால், போனஸ் பட்டுவாடா நெருக்கடி தொடங்கும் முன்பே கூப்பிட்டுவிடுங்கள்.