குழந்தைக்குக் காத்திருக்கையில் மாதவிடாய் தள்ளிப்போகிறதா?

ராகலைப் பக்கத் தோட்டங்களில், ஒரு றொட்டியும் சாயத்தண்ணியுமாக மலைக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர். கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் உடம்புக்கு அது போதாது. உழைப்புக்கு ஈடாகச் சாப்பாடு சேராவிட்டால், கருமுட்டையை வெளியேற்றும் ஹோர்மோன்களை மூளை குறைத்துவிடும். மாதவிடாய் தள்ளிப்போகும், சிலருக்கு நின்றேபோகும். இவர்களுக்கு வேண்டியது உடற்பயிற்சி அல்ல, சாப்பாடு.

காலை றொட்டியோடு பருப்பு அல்லது முட்டை. இடையில் அவித்த கடலை, கௌபி. பகலில் நெத்தலிக் கருவாடும், தேசிக்காய் பிழிந்த கீரையும். சாப்பிட்டு ஒரு மணிநேரம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பது நல்லது. அதிலுள்ள டனின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

உடல் பருத்து, முகத்தில் ரோமம் வளர்ந்து, சுழற்சி 35 நாளைத் தாண்டினால் சங்கதி வேறு. சூலக நீர்க்கட்டியாக இருக்கலாம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளியேறத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ. சீனியையும் கோதுமை மாவையும் குறைத்து, வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கலாம்.

போலிக் அமிலத்தை மருத்துவமாதுவிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வராவிட்டால் வைத்தியர். தைரொயிட் கோளாறும் காரணமாகலாம். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாத முயற்சிக்குமேல் காத்திருக்க வேண்டாம். பெண்ணை மட்டும் குறை சொல்வது அநியாயம். கணவரும் கூடப்போய் விந்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.