இணையவழி வாணிபத்தில் கையொப்பமும் பட்டுவாடாப் பொறுப்பும்

கடைக்குச் சென்று பொருள் வாங்கும்போது, பொருளைப் பார்ப்பதும், விலை கொடுப்பதும், கையில் பெறுவதும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. இணையவழி வாணிபத்தில் இம்மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. விலை பல வேளைகளில் முன்னதாகவே செலுத்தப்படுகிறது. பொருள் பின்னர் வந்து சேர்கிறது. அதன் தன்மையோ பொதியைப் பிரித்த பின்னரே தெரிகிறது. இந்த இடைவெளியில் எழும் ஐயங்களைத் தீர்ப்பதற்கு ஏற்பட்ட கருவியே பெறுநரின் கையொப்பம். அண்மை ஆண்டுகளில், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண், அதாவது ஓ.டி.பி., அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டுள்ளது.

ஆயினும், கையொப்பமோ ஓ.டி.பி.யோ எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்பது பலருக்கும் தெளிவாக இல்லை. பொருள் வந்து சேரவில்லை என்று வாங்கியவரும், சேர்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று விற்றவரும் கூறும்போது, இந்தத் தெளிவின்மையே பூசலுக்கு இடமளிக்கிறது.

அஞ்சல் துறை வகுத்த வழி

தொலைவில் உள்ளவரிடம் பொருள் வாங்குவது இந்தியாவுக்குப் புதியதன்று. 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. எனப்படும் முறை இந்திய அஞ்சல் துறையில் நடைமுறைக்கு வந்துவிட்டது. விலையைத் தபால்காரரிடம் கொடுத்துப் பார்சலைப் பெற்றுக்கொள்ளவும், அத்தொகை விற்றவருக்கு மணியார்டராகச் சென்று சேரவும் அது வகை செய்தது. புத்தகங்களும் மருந்துகளும் விதைகளும் இம்முறையில் சிற்றூர்களுக்குச் சென்றன. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை பெறுநரின் கையொப்பத்துடன் அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகைக்குச் சாட்சிக் கையொப்பமும் பெறப்பட்டது. சான்றின் ஒரு படி அனுப்பியவர் கைக்கே வந்தது என்பதே இம்முறையின் சிறப்பு.

1986 ஆகஸ்ட் 1 அன்று விரைவுத் தபால் தொடங்கப்பட்டது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து, 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண மாற்றத்தின்படி, விரைவுத் தபாலுக்கு இரண்டு கூடுதல் சேவைகள் அளிக்கப்படுகின்றன. பதிவுச் சேவையைக் கோரினால், முகவரிதாரரிடமோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரிடமோ மட்டுமே உருப்படி ஒப்படைக்கப்படும். ஓ.டி.பி. சேவையைக் கோரினால், கடவெண் சரிபார்க்கப்பட்ட பின்னரே பட்டுவாடா நிகழும். ஒவ்வொன்றுக்கும் உருப்படி ஒன்றுக்கு 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கட்டணமாகும். ஆள் யார் என்பதை உறுதி செய்வதும், கடவெண்ணைச் சரிபார்ப்பதும் இரு வேறு பணிகள் என்பதை இப்பிரிவினை ஒப்புக்கொள்கிறது.

பெங்களூரு நகரின் நிலை

இணையவழி வாணிபத்தின் வளர்ச்சியைப் பயில்வதற்குப் பெங்களூரு தக்க களமாகும். 2007-ஆம் ஆண்டு பிளிப்கார்ட் நிறுவனம் இந்நகரில்தான் புத்தக விற்பனையுடன் தொடங்கியது. பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையை அது 2010-இல் புகுத்தியது. முன்னாள் வி.பி.பி.யின் மறுபிறவி என்றே இதனைக் கூறலாம். அரசின் முயற்சியால் உருவான ஓ.என்.டி.சி. வலையமைப்பு, பொதுமக்களுக்கான வெள்ளோட்டத்தை 2022 செப்டம்பர் இறுதியில் தொடங்கியதும் பெங்களூருவிலேயே.

கையொப்பம் பெற்றே ஒப்படைக்க வேண்டும் என்னும் விதி நிறைவேறுவதற்கு இடையூறான சூழ்நிலைகளும் இங்குக் காணப்படுகின்றன. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் இல்லங்களில் பகல் வேளையில் ஆள் இருப்பதில்லை. தனியார் விடுதிகளில் தங்கியுள்ள இளைஞர்களின் முகவரி அடிக்கடி மாறுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாயிற்காவலரே பார்சல்களைப் பெற்றுக்கொள்கிறார். ‘மெயின்’, ‘கிராஸ்’ என்னும் எண்களால் தெருக்கள் குறிக்கப்படுவதால், ஒரே எண்ணுள்ள தெரு பல பேட்டைகளில் உண்டு. பேட்டையின் பெயர் விடுபட்டால் பார்சல் வேறொரு வீட்டுக்குச் சென்றுவிடக்கூடும். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான பின்கோடு ஒரு வட்டாரத்தை மட்டுமே காட்டும். அஞ்சல் துறை 2025-இல் வெளியிட்ட டிஜிபின் முறையோ சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள கட்டத்தைப் பத்து எழுத்துக்குறிகளால் சுட்டுகிறது. முகவரிக் குழப்பத்தைக் குறைக்க இது துணைபுரியலாம். ஆனால் கதவைத் திறந்தவர் யார் என்பதை அது கூறாது.

ஒரு கையொப்பம், மூன்று கேள்விகள்

பட்டுவாடாவின்போது விடை காணவேண்டிய கேள்விகள் மூன்று. முதலாவது, பொதி ஒப்படைக்கப்பட்டதா? இரண்டாவது, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டதா? மூன்றாவது, கேட்ட பொருளே, கேட்ட நிலையில் பொதியினுள் இருந்ததா?

கையொப்பம் முதற்கேள்விக்கு மட்டுமே ஓரளவு விடையளிக்கிறது. தொடுதிரையில் விரலால் இடப்படும் கீறலைக் கொண்டு ஆளை அடையாளம் காண்பது அரிது. வாயிற்காவலர் கையொப்பமிட்டால், அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தவர் யார் என்னும் கேள்வி எழுகிறது. ஓ.டி.பி. இரண்டாம் கேள்விக்குச் சற்று அருகில் வருகிறது. எனினும் அலுவலகத்தில் உள்ளவர் தொலைபேசி வழியே எண்ணைக் கூறிவிடுவதும், முதியோர் கைப்பேசியைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதும் இயல்பாக நிகழ்பவை. பட்டுவாடா ஊழியர் போலப் பேசி ஓ.டி.பி.யைக் கேட்டு ஏமாற்றுவோரும் உளர்.

மூன்றாம் கேள்விக்கு இவ்விரண்டுமே விடையளிப்பதில்லை. மூடிய பொதியைப் பெற்றுக்கொண்டவர், உள்ளே கைப்பேசி இருந்ததா, கல் இருந்ததா என்பதற்குச் சாட்சி கூற இயலாது. அதனாலேயே விலையுயர்ந்த பொருள்களை முன்னிலையில் திறந்துகாட்டி ஒப்படைக்கும் வழக்கம் சில தளங்களில் ஏற்பட்டுள்ளது. அவ்வாறு திறந்து காண்பதற்கு முன்னரே ஓ.டி.பி.யைக் கூறிவிட்டால் அவ்வழக்கத்தின் பயன் கெட்டுவிடும்.

சட்டம் கூறுவது

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இவ்வேறுபாட்டை முன்னரே உணர்ந்திருந்தது. அதன் 41-ஆம் பிரிவின்படி, முன்னர் பார்வையிடாத சரக்கைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரையில், வாங்கியவர் அதனை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார். ஆகவே, பெற்றுக்கொள்ளுதல் வேறு, ஏற்றுக்கொள்ளுதல் வேறு. கையொப்பம் முன்னதற்கே சான்று. எனினும், நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும் என 42-ஆம் பிரிவு கூறுவதால், குறை கண்டவர் உடனே எழுத்து வழியாகத் தெரிவிப்பது இன்றியமையாதது.

அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விற்பவர் சரக்கை வாங்குபவருக்கு அனுப்ப வேண்டியிருக்கும்போது, அதனைச் சுமந்து செல்பவரிடம் சேர்ப்பித்தலை, மாறாக நிறுவப்படாத வரையில், வாங்கியவரிடமே சேர்ப்பித்ததாகக் கொள்கிறது. வணிகர் வணிகரிடம் இரயிலில் சரக்கு அனுப்பிய காலத்துக்கு இது பொருந்தும். வீட்டிலிருந்து ஒரே ஒரு சேலை வாங்கும் நுகர்வோருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பது சிந்திக்கத்தக்கது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2020 ஜூலையில் வெளியான மின்வணிக விதிகளும் நுகர்வோருக்குப் பெருந்துணையாக அமைந்துள்ளன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தரவும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் மின்வணிக நிறுவனங்கள் கடமைப்பட்டுள்ளன. குறையுள்ள பொருளையும், அறிவித்த காலம் கடந்து வந்த பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கலாகாது. தவிர்க்கவியலாத இடர்களால் நேரும் தாமதம் மட்டும் இதற்கு விலக்கு. நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். ஓசூரில் உள்ளவர் பெங்களூரு விற்பனையாளர் மீது கிருஷ்ணகிரியில் முறையிட இயலும். கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரையில் இருப்பின் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும்.

2022 ஜனவரியில் கைப்பேசி ஒன்றுக்கு 12,499 ரூபாய் செலுத்தியும் அது கிடைக்கப்பெறாத ஒருவரின் முறையீட்டின் மீது, பெங்களூரு நகர்ப்புற மாவட்ட நுகர்வோர் ஆணையம் சுமார் ஓராண்டுக்குப் பின்னர் தீர்ப்பளித்தது. அத்தொகையை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தருமாறும், 20,000 ரூபாய் தண்டமும் 10,000 ரூபாய் வழக்குச் செலவும் அளிக்குமாறும் விற்பனைத் தளத்துக்கு ஆணையிட்டது. பரிகாரம் உண்டு என்பதையும், அது கைக்கு எட்டக் காலம் பிடிக்கும் என்பதையும் இவ்வழக்கு ஒருங்கே உணர்த்துகிறது.

சிறு விற்பனையாளரின் சுமை

நுகர்வோருக்கு உள்ள இப்பாதுகாப்பு சிறு விற்பனையாளருக்கு அதே அளவில் இல்லை. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் சட்டப்படி நுகர்வோர் ஆகார். சுயதொழில் மூலம் வாழ்க்கை நடத்துவோருக்கு மட்டுமே விலக்கு உண்டு. மேலும், அயல்நாட்டு முதலீடு பெற்ற விற்பனைத் தளங்கள் குறித்து 2016-ஆம் ஆண்டின் மூன்றாம் செய்திக் குறிப்பு, பொருளைச் சேர்ப்பிப்பதும் வாங்குபவரை நிறைவு செய்வதும் விற்பவரின் பொறுப்பே என வகுத்தது. ஆனால் பல வேளைகளில் பார்சலை எடுத்துச் செல்வதும், கையொப்பத்தைப் பதிவு செய்வதும், அப்பதிவைக் காப்பதும் தளத்தின் ஏற்பாட்டிலேயே நடைபெறுகின்றன. பொறுப்பு ஓரிடத்திலும் சான்று வேறோரிடத்திலும் இருப்பதே இங்குள்ள அடிப்படைக் குறைபாடாகும்.

எடுத்துக்காட்டாக, சிக்பேட்டையில் உள்ள ஒரு சிறு துணி வணிகர் 900 ரூபாய் அடக்கமுள்ள சேலையை 1,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். ஒரு பார்சல் தொலைந்து, விலையைத் திருப்பித் தர நேர்ந்தால், அவ்விழப்பை ஈடுசெய்ய அவர் மேலும் 9 சேலைகள் விற்க வேண்டும். ஓ.டி.பி. சேவைக்கு 18 விழுக்காடு வரியுடன் ஒரு பார்சலுக்கு 5 ரூபாய் 90 காசு ஆகிறது. 900-ஐ 5.90-ஆல் வகுத்தால் சுமார் 152 கிடைக்கிறது. அதாவது, அந்த 152 பார்சல்களில் ஒன்றேனும் தொலையாமல் காக்கப்பட்டால் அக்கட்டணம் பயனுடையதே. பொருளின் அடக்கம் 100 ரூபாய் ஆயின், சுமார் 17 பார்சல்களுக்கு ஒன்று காக்கப்பட்டால்தான் அது கட்டுப்படியாகும். ஆகவே எல்லாப் பொருளுக்கும் கையொப்பத்தையோ ஓ.டி.பி.யையோ கட்டாயமாக்குவது சிக்கனமாகாது. ஆளில்லா வீட்டுக்கு மீண்டும் மீண்டும் செல்லும் செலவும் இக்கணக்கில் சேரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இப்பூசல்களில் மூன்றாவதாக ஒருவரும் உளர். அவர் பட்டுவாடா ஊழியர். தளவழிப் பணிகளையும் உள்ளடக்கிய கிக் பணிகளில் 2020-21-இல் நாட்டில் 77 இலட்சம் பேர் ஈடுபட்டிருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டது. 2029-30-இல் இது 2.35 கோடியாக உயரும் என்றும் அது கணித்தது. இவர்களுக்கென 2025-இல் இயற்றப்பட்ட கர்நாடகச் சட்டம், ஊழியருக்கு அளிக்கப்படும் தொகையின் மீது 1 முதல் 5 விழுக்காடு வரை நலக்கட்டணம் விதிக்கவும், குறைதீர்க்கவும் வழிசெய்துள்ளது. பொருள் கிடைக்கவில்லை என்னும் புகார் எழும்போது, விசாரணைக்கு முன்னரே ஊழியரின் ஊதியத்தில் கைவைப்பது முறையாகாது.

பிற நாடுகளின் பட்டறிவு

பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி, பொருள் நுகர்வோரின் கைக்கோ அவர் குறிப்பிட்டவரின் கைக்கோ வந்து சேரும் வரையில் இடர்ப்பொறுப்பு விற்கும் வணிகரையே சாரும். நுகர்வோர் தாமே ஏற்பாடு செய்த ஊர்தியாளரிடம் பொருள் ஒப்படைக்கப்பட்டால் மட்டும் நிலை மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறையும் இவ்வாறே கூறுகிறது. ஜெர்மனியில் 2001 முதல் இயங்கும் தானியங்கிப் பார்சல் பெட்டகங்கள், பெறுநர் தமக்கு வசதியான நேரத்தில் பொருளை எடுத்துக்கொள்ள உதவுகின்றன. இடர் எந்த நொடியில் கைமாறுகிறது என்பதை முதலாவது வழி தெளிவாக்குகிறது. வீட்டில் ஆள் இல்லாத சிக்கலை இரண்டாவது வழி தீர்க்கிறது.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன.

1. ஒப்படைப்பு, ஆள் அடையாளம், உள்ளடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பதிவு இருத்தல் வேண்டும். ஒன்றன் சான்றைக் கொண்டு மற்றொன்று நிறைவேறியதாகக் கொள்ளலாகாது.

2. பொருளைக் கேட்டுப் பதிவு செய்யும்போதே, தமக்குப் பதிலாகப் பெறுவதற்கு உரியவரை வாங்குபவர் குறிப்பிட வகை செய்தல் வேண்டும். வாயிற்காவலரின் கையொப்பம் அப்போதுதான் பொருளுடையதாகும்.

3. பட்டுவாடாப் பதிவின் ஒரு படி வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அன்றே கிடைத்தல் வேண்டும். மூலப் பதிவு, முறையீட்டுக் காலமாகிய இரண்டு ஆண்டு வரையிலேனும் காக்கப்படுதல் வேண்டும். மின்னணுப் பதிவைச் சான்றாக அளிப்பதற்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கோருவதால், பதிவை வைத்திருப்பவரே அதனை அளிக்கும் கடமையையும் ஏற்றல் பொருத்தமாகும்.

4. விலையுயர்ந்த பொருள்களில், உள்ளடக்கத்தைப் பார்த்த பின்னரே ஓ.டி.பி. கேட்கப்படுதல் வேண்டும்.

5. வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்காக, அஞ்சல் நிலையங்களைப் பார்சல் பெறும் நிலையங்களாகவும் விரிவாகப் பயன்படுத்தலாம்.

நம்பிக்கையே வாணிபத்தின் முதல் என்பர். முகம் அறியாதவர்களுக்கிடையே அந்நம்பிக்கை, சான்று யாரிடம் உள்ளதோ அவரிடமே பொறுப்பும் இருக்கும்போதுதான் நிலைபெறும். ஒப்புகை அட்டையை அனுப்பியவர் கைக்கே திரும்பச் சேர்த்த அஞ்சல் முறை இந்நெறியை எளிய வடிவில் கடைப்பிடித்தது. கருவி அட்டையிலிருந்து கைப்பேசிக்கு மாறியுள்ள இந்நாளில், அந்நெறியை மீண்டும் நிலைநாட்டுவது சிறு வணிகருக்கும் நுகர்வோருக்கும் ஊழியருக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.