ஓர் ஏக்கர் பருத்தி

கொடையாளி ஒருவரைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு கொடுத்தார் என்றே கேட்டுப் பழகிவிட்டோம். எப்படிக் கொடுத்தார் என்று கேட்பதற்கு 1932இல் காலமான ஜூலியஸ் றோசன்வால்ட் நல்ல உதாரணம். இவர் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 'சியர்ஸ் றோபக்' என்னும் தபால்வழி வியாபார நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர்.

அந்நாட்டின் தென்மாநிலங்களில் அன்று கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலைகள். அவற்றுக்கு அரசு ஒதுக்கிய பணம் மிகச் சொற்பம். பழைய கொட்டில்களிலும் தேவாலயங்களிலும் படித்தார்கள். (எமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனிடம் றோசன்வால்ட் 1912இல் 25,000 டொலர் கொடுத்தார். அதில் ஒரு பகுதியால் அலபாமாவில் ஆறு சிறு பாடசாலைகள் எழுந்தன. பின்னர் திட்டம் விரிந்தபோதும் முழுச் செலவை அவர் ஏற்கவில்லை. ஊராரும் பங்கு தரவேண்டும், அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்றார்.

கையில் காசில்லாத கமக்காரர் என்ன செய்வது? சில ஊர்களில் ஓர் ஏக்கர் பருத்தியைப் பாடசாலைக்கென்றே பயிரிட்டு, விற்ற பணத்தைக் கொடுத்தனர். வேறு சிலர் காணி கொடுத்தனர், மரம் கொடுத்தனர், கூலியின்றி உழைத்தனர். 1932க்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பாடசாலைகள்! கறுப்பின மக்கள் திரட்டியது சுமார் 47 இலட்சம் டொலர். செல்வந்தரின் பங்கு அதைவிடச் சற்றுக் குறைவு.

ஏற்கெனவே வரி கட்டிய ஏழைகளிடம் மறுபடியும் கேட்டது நியாயமா? இல்லையென்றே நாம் கருதுகிறோம். ஆனால் அந்தக் குற்றம் வரியை வாங்கிக்கொண்டு சமமாகப் பங்கிடாத அரசையே முதலில் சேரும்.

தமது நிதியம் என்றென்றும் நிலைத்திருப்பதை றோசன்வால்ட் விரும்பவில்லை. பணம் முழுவதும் செலவாகி அது 1948இல் மூடப்பட்டது. எஞ்சிய பாடசாலைக் கட்டிடங்கள் சிலவற்றைப் பழைய மாணவர்களும் ஊராரும் இன்றும் பேணி வருகின்றனர்.