ஐஸ் மீனும் பையின் பின்பக்கமும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் கடை, சனிக்கிழமை காலை. மீன் தட்டுக்கு முன்னால் நிற்கும் அக்கா கேட்கிறார்: "தம்பி, அறக்குளா உடன் மீனோ?"

"ஓம் அக்கா, இண்டைக்குத்தான் வந்தது."

அக்கா ஒரு கிலோ வெட்டச் சொல்கிறார். தம்பி சொன்னது பொய்யில்லை. மீன் இன்றைக்குத்தான் கடைக்கு வந்தது. கடலை விட்டு எப்போது வந்தது என்று அக்கா கேட்கவில்லை. தம்பிக்கும் அது தெரிந்திருக்காது. இலங்கையின் பலநாள் படகுகள் வாரக்கணக்கில் கடலில் நிற்பவை. பிடித்த மீன் படகின் ஐஸ் அறையில் கிடந்து, கரைக்கு வந்து, பெட்டியில் ஏறி, விமானத்தில் பறந்து, மொத்த வியாபாரியிடம் ஓர் இரவு தங்கி, பிறகுதான் இந்தத் தட்டில் வந்து படுக்கிறது.

அதே தெருவில் நடந்து போனால் மலிவு விலை சுப்பர்மார்க்கெட் ஒன்று வரும். அதன் பிரீசருக்குள் கிடக்கும் மீன் பைகளை நம்மவர்களில் பலர் தொட்டும் பார்ப்பதில்லை. "ஐஸ் மீன், அதுவும் மலிவுக் கடை ஐஸ் மீன்" என்ற இரண்டு எண்ணங்கள் சேர்ந்து கையைத் தடுக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"ஐஸ் அடிச்ச மீன் பழைய மீன்"

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் நாம் அறிந்த ஐஸ் மீன், அன்று விலைபோகாமல் மிஞ்சியதை ஐஸ் கட்டிக்குள் புதைத்து மறுநாள் சந்தைக்குக் கொண்டுவந்த மீன். கண் குழிந்து, செவுள் மங்கி இருக்கும். அதை வேண்டாம் என்று அம்மா சொன்னது சரிதான்.

ஆனால் ஐஸில் வைத்த மீன் வேறு, உறையவைத்த மீன் வேறு. தமிழில் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஐஸ் கட்டிக்குள் மீனின் சூடு பூச்சியம் டிகிரியை ஒட்டி நிற்கும். கெடுதல் மெதுவாகும், நிற்காது. வட கடல்களின் காட் மீனை நல்ல ஐஸில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குச் சுவை நிற்கும். இரண்டு வாரத்தில் கசப்பும் வாடையும் வந்துவிடும். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் 1929இல் தொடங்கிய டொரி ஆய்வு நிலையம் இதைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்தது. சமைத்த மீனை மணந்தும் சுவைத்தும் பத்திலிருந்து மூன்று வரை புள்ளி போடும் முறை அங்கே உருவானதுதான். பத்து என்றால் இப்போது பிடித்த மீன். மூன்று என்றால் வீசவேண்டிய மீன். நடுவில் இனிப்பும் போய் வாடையும் வராமல், மீனுக்கென்று எந்தச் சுவையும் இல்லாத ஒரு கட்டம் உண்டு. கடையில் "உடன் மீன்" என்று நாம் வாங்குவதில் எவ்வளவோ அந்தக் கட்டத்தில் நிற்பது.

மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே கிருமிகள் பெருகுவது அடியோடு நின்றுவிடும். பத்துப் புள்ளியில் உறையவைத்தால் பத்துக்குப் பக்கத்திலும், ஐந்தில் உறையவைத்தால் ஐந்திலும் மீன் நிற்கும். எனவே கேட்கவேண்டிய கேள்வி "உறைந்ததா?" என்பது அல்ல, "பிடித்து எத்தனை நேரத்தில் உறைந்தது?" என்பது. பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் பெரிய இழுவைக் கப்பல், 'ஃபேர்ட்ரை', 1954இல் பிரித்தானியாவிலிருந்து கடலுக்குப் போனது. அந்த வழியில் வரும் மீன் சில மணி நேரத்திலேயே கல்லாகிவிடுகிறது. பையில் 'கடலிலேயே உறையவைத்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் நான் முதலில் எடுப்பது அந்தப் பையைத்தான்.

உறையவைக்கும் வேகமும் முக்கியம். மீனில் உள்ள நீர் பெரும்பாலும் மைனஸ் 1க்கும் மைனஸ் 5க்கும் இடையில் பனிக்கட்டியாகிறது. அந்த இடைவெளியை ஆலை இயந்திரம் சட்டென்று கடந்துவிடும். பனித்துகள் சிறியதாக இருக்கும், தசை கிழியாது. வீட்டுப் பிரீசர் மணிக்கணக்கில் தடவித் தடவிக் கடக்கும்; பெரிய பனித்துகள்கள் தசையைக் குத்திவிடும், உருகும்போது சாறு முழுவதும் தட்டில் ஓடும். அறக்குளா மலிவாகக் கிடைத்ததென்று ஐந்து கிலோ வாங்கி வீட்டில் உறையவைத்துவிட்டு "ஐஸ் மீன் சப்பென்று இருக்கிறது" என்று சொல்வோருக்கு என் பதில் இது.

இன்னொன்று. சுப்பர்மார்க்கெட்டின் மீன் தட்டில் பளபளவென்று கிடப்பவற்றின் அட்டையைக் குனிந்து வாசியுங்கள். பலவற்றில் 'முன்பு உறையவைக்கப்பட்டது' என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படிச் சொல்லவேண்டும் என்பது விதி. பிரீசரில் கிடப்பதையே உருக்கி வைத்திருக்கிறார்கள்; அதற்கு நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம், அதன் ஆயுளும் ஓடத் தொடங்கிவிட்டது.

"மலிவுக் கடை என்றால் மட்டமான மீன்"

விலையைத் தீர்மானிப்பவற்றில் கடையின் பெயர் கடைசியில்தான் வரும். முதலில் வருவது மீன் இனம். லிடிலிலோ அல்டியிலோ மிக மலிவாகக் கிடக்கும் வெள்ளை மீன் துண்டங்கள் பெரும்பாலும் அலாஸ்கா பொலொக். பெயர்பெற்ற கடையில் அதைவிட அதிக விலைக்கு இருப்பது காட். இரண்டையும் பக்கத்தில் வைத்து "அங்கே தரம் கூட" என்று சொல்வது, சூடை மீனையும் அறக்குளாவையும் ஒப்பிட்டு விலை பேசுவது போல. காட்டைக் காட்டுடனும் பொலொக்கைப் பொலொக்குடனும் ஒப்பிட்டுப் பார்த்தால், தரத்தில் எனக்குத் தெரிந்த வித்தியாசம் விலை வித்தியாசத்தைவிட எப்போதும் சிறியதாகவே இருந்திருக்கிறது.

ஒப்பிட வேண்டியதெல்லாம் பையின் பின்பக்கத்தில் உண்டு. மாவு பூசாத மீன் என்றால் வணிகப் பெயர், அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா, எந்தக் கடல், எந்த வலை என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு உலகக் கடல்களுக்கு எண் கொடுத்திருக்கிறது. 27 வடகிழக்கு அத்லாந்திக், 67 அலாஸ்காப் பக்கம், 61 ரஷ்யா, ஜப்பான் பக்கம். நம் கடல்கள் 51உம் 57உம். மாவு பூசிய மீனுக்கு இந்த விவரங்கள் கட்டாயமில்லை, ஆனால் மீன் எத்தனை சதவீதம் என்று எழுதவேண்டும். துண்டுகளை ஒட்டி ஒரே துண்டம் போல ஆக்கியிருந்தால் அதையும் சொல்லவேண்டும்.

அடுத்து, எத்தனை முறை உறைந்தது என்பது. வட கடலில் தலையும் குடலும் நீக்கி உறையவைத்த மீன் நிறைய சீனாவின் சிங்தாவ், தாலியன் போன்ற துறைமுகங்களுக்குப் போகிறது. அங்கே உருக்கி, கையால் முள் நீக்கி, துண்டம் போட்டு, மறுபடி உறையவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். இது கெட்ட மீன் இல்லை. ஆனால் இரண்டு முறை உறைந்ததால் தசை சற்றுத் தளர்ந்து நீர் விடும். பிடித்த கடல் ஓரிடம், பதப்படுத்திய நாடு சீனா என்று பையில் இருந்தால் நான் அப்படித்தான் புரிந்துகொள்வேன். விலை கூடிய பிராண்டின் பையிலும் இதே வரியைக் கண்டிருக்கிறேன்.

கடைக்குக் கடை வேறுபடுவது பிரீசர்தான். பிரித்தானியாவில் மீன் கிடங்குகளுக்கு டொரி நிலையம் பரிந்துரைத்தது மைனஸ் 30. கடைப் பிரீசர் மைனஸ் 18இல் நிற்கவேண்டியது. மூடி திறந்து திறந்து ஏறி இறங்கினால் மீன் கெடும். காட், பொலொக் வகையில் ஒரு நொதி உண்டு. சூடு ஏறி இறங்க அது வேலை செய்து தசையை இறுக்கும். றப்பர் போல மெல்லவேண்டி வருவது அதனால்தான். பையைத் தூக்கிக் குலுக்குங்கள். துண்டங்கள் தனித்தனியாகச் சத்தமிட வேண்டும். ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால், பைக்குள் பனித்தூள் குவிந்திருந்தால், ஓரம் வெளுத்துக் காய்ந்திருந்தால், எந்தக் கடையானாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

"ஒரு கிலோ பையில் ஒரு கிலோ மீன்"

எனக்குக் கோபம் வரும் இடம் இது. எங்கள் வீட்டு மாமி ஒருமுறை ஒரு தமிழ்க் கடையில் இறால் பை வாங்கிவந்தார். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு கிலோ. மாமிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. பின்பக்கத்தின் மூலையில் நிகர எடை 750 கிராம் என்று இருந்தது. மீதிக் கால் கிலோ ஐஸ்.

அந்த ஐஸ் பூச்சு தன்னளவில் ஏமாற்று அல்ல. மீன் காய்ந்துபோகாமலும் காற்றுப் படாமலும் அது காக்கிறது. அதை மீனின் விலைக்கு விற்பதுதான் தப்பு. நிகர எடையில் பூச்சைச் சேர்க்கக் கூடாது என்று 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி இருக்கிறது. பிரித்தானியாவும் அதை வைத்திருக்கிறது. மலிவு விலை சுப்பர்மார்க்கெட்டில் தட்டின் விலைச் சீட்டிலேயே ஒரு கிலோ என்ன விலை என்று போட்டிருப்பார்கள். நம் கடைகளில் நாமே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. சும்மா ஒரு கணக்கு: ஆறு பவுணுக்கு 'ஒரு கிலோ' பை, நிகர எடை 750 கிராம் என்றால் கிலோ எட்டுப் பவுண். மூன்று பவுணுக்கு 400 கிராம் நிகர எடையுள்ள சின்னப் பை கிலோ ஏழரைப் பவுண்தான். பெரிய பை மலிவு என்று கை போன இடத்தில் சின்னப் பை மலிவாக இருக்கிறது.

இதைவிடத் தந்திரமானது உள்ளே ஏற்றிய நீர். பாசா மீனிலும் இறாலிலும் பொஸ்பேட் உப்புக் கலந்த நீரில் ஊறவைக்கும் பழக்கம் உண்டு. தசை நீரைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நீர் நிகர எடையிலேயே சேர்ந்துவிடும். சேர்த்த நீர் ஐந்து சதவீதத்துக்கு மேல் போனால் பொருளின் பெயரிலேயே அதைச் சொல்லவேண்டும். அதற்குக் கீழே என்றால் உள்ளடக்கப் பட்டியலில் தேட வேண்டும்: மீன், நீர், உப்பு, ஈ 451. நான் தேடுவது 'மீன்' என்ற ஒரே சொல் மட்டும் உள்ள பட்டியலை. ஊறவைத்த மீன் எண்ணெயில் விழுந்ததும் வெள்ளை நீர் விட்டு வேகும், பொரியாது. குழம்பில் போட்டால் பாலும் புளியும் திரண்டு வந்த நேரத்தில் சட்டி மறுபடி தண்ணீராகும்.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். உறைந்த மீனைக் குளிர்ந்த நீரோட்டத்தின் கீழ் பிடித்து, மேல் ஐஸ் கரைந்த உடனே, உள்ளே இளகும் முன்பு, துடைத்துத் தராசில் வையுங்கள். பையில் போட்ட நிகர எடை வரவில்லை என்றால் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

"உறைந்தால் கிருமி செத்துவிடும்"

சாகாது, உறங்கும். உருகியதும் எழும்பும். புழுக்கள்தான் சாகும், மீனைப் பச்சையாக உண்பதென்றால் முதலில் மைனஸ் 20இல் 24 மணி நேரம் வைக்கவேண்டும் என்ற விதி அதற்காகவே. சூரை, கும்பளா போன்றவை உறையுமுன் வெயிலில் கிடந்திருந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்திருக்கும். அது உறைந்தும் போகாது, கொதித்தும் போகாது. முகம் சிவந்து உடம்பு தடித்தால் 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிட்டு இருக்காதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவே பிரிட்ஜின் அடித்தட்டில் வைத்து உருக்குங்கள். காற்று நீக்கி ஒட்டிய பொதியென்றால் பிரித்துவிட்டு உருக்குங்கள். காற்றில்லாத இடத்தில், பிரிட்ஜின் குளிரிலும் வளரக்கூடிய பொட்டுலினம் வகைக் கிருமி ஒன்று உண்டு. உருகிய பச்சை மீனைத் திரும்ப உறையவைக்காமல், சமைத்து உறையவையுங்கள்.

பையில் இருக்கும் நீல நிற மீன் முத்திரை பற்றியும் கேட்கிறார்கள். 1997இல் தொடங்கிய எம்எஸ்சி அமைப்பின் முத்திரை அது. கடலில் மீன் வளம் அழியாமல் பிடித்ததற்கான சான்று. சுவைக்கோ, உடன் மீன் என்பதற்கோ சான்று அல்ல.

"முள்ளில்லாத துண்டம்தான் காசுக்குப் பெறுமதி"

வெள்ளைக்காரர் கணக்கில் சரி. முழு மீனில் தலை, முள், தோல் போக ஏறக்குறைய பாதிதான் சதை. ஆனால் தலையை வீசாத நமக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. குழம்புக்கு நான் இன்றும் தமிழ்க் கடையின் உறைந்த முழு விளைமீனோ பாரையோதான் வாங்குகிறேன். தலையும் முள்ளும் இல்லாத குழம்புக்கு உடம்பு இருக்காது. காட்டும் பொலொக்கும் குழம்பில் இதழ் இதழாகக் கழன்று கரைந்துவிடும்.

கட்லட்டுக்கு மட்டும் மலிவுக் கடைப் பொலொக்கைவிட நல்லது எனக்குத் தெரியாது. முள் எடுக்கும் வேலையில்லை. வறைக்குக் கோலி என்ற மீன். பச்சையாக இருக்கும்போது சாம்பல் நிறமாக இருப்பதால் வெள்ளைக்காரர் ஒதுக்குவார்கள், அதனால் விலை குறைவு, வெந்ததும் வெளுத்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, உதிர்த்து, நன்றாகப் பிழிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கிய தாச்சியில் கொட்டி, ஈரம் வற்றும்வரை சிறு தீயில் கிளறுங்கள். பிழிவதில் மட்டும் அவசரம் வேண்டாம். உறைந்த மீன், வறைக்கு வழக்கமாகப் போடும் சுறாவைவிட அதிக நீர் விடும்.